ஆற்றல் அலகு மாற்றம் – ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பகுதிக் கணக்குகள்

ஆற்றல் அலகு மாற்றம் என்பது ஓர் அலகில் அளக்கப்பட்ட ஆற்றலை, அதன் அளவு மாறாமல், வேறோர் அலகில் எழுதும் கணக்கு முறையாகும். ஆற்றலின் அனைத்துலக அலகு ஜூல். ஆனால் கடைத்தெருவிலும் தொழிற்சாலையிலும் ஜூல் என்ற பெயரில் எதுவும் விற்கப்படுவதில்லை. மின்சாரம் யூனிட் கணக்கிலும், எல்.பி.ஜி. கிலோ கணக்கிலும், டீசல் லிட்டர் கணக்கிலும், குழாய்வழி இயற்கை வாயு கனமீட்டர் கணக்கிலும் வருகின்றன. இவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டுமானால் முதலில் எல்லாவற்றையும் ஒரே அலகுக்குக் கொண்டுவர வேண்டும்.

இதன் தேவை நன்கு புலப்படும் இடங்களுள் ஒன்று, காஞ்சிபுரம் மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பகுதி. சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் ஆகிய ஊர்களிலும், வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் ஒரகடத்திலும், இவற்றுக்கு இடைப்பட்ட பிள்ளைப்பாக்கம், வல்லம் வடகால் முதலிய இடங்களிலும் சிப்காட் தொழிற்பூங்காக்கள் உள்ளன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2000இல் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலையும், 2006இல் நோக்கியா கைப்பேசி ஆலையும், 2010இல் ஒரகடத்தில் ரெனால்ட் – நிசான் ஆலையும், 2012இல் டைம்லர் சரக்குந்து ஆலையும் வந்தன. கண்ணாடி உருக்குவது, வண்டிக்குச் சாயம் பூசி உலர்த்துவது, மின்கலம் பொருத்துவது, சூரியத்தகடு செய்வது என ஆற்றலைப் பலவிதமாகப் பயன்படுத்தும் தொழில்கள் சில கிலோமீட்டருக்குள் கூடியிருப்பதால், பாடநூலில் தனித்தனியாகப் படிக்கும் அலகுகள் அனைத்தையும் இங்கே ஒரே நாளில் பார்த்துவிடலாம்.

ஆற்றலும் திறனும்

அலகு மாற்றத்தில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவை பெருக்கல், வகுத்தல் பிழைகள் அல்ல. ஆற்றலையும் திறனையும் ஒன்றாக எண்ணுவதால் வருபவை. திறன் என்பது ஆற்றல் செலவாகும் வேகம். அதன் அலகு வாட். ஒரு நொடிக்கு ஒரு ஜூல் செலவானால் அது 1 வாட். குழாயில் தண்ணீர் வரும் வேகத்தைத் திறனுக்கும், தொட்டியில் சேர்ந்த தண்ணீரை ஆற்றலுக்கும் ஒப்பிடலாம்.

1,000 வாட் இஸ்திரிப்பெட்டி ஒரு மணி நேரம் எரிந்தால் 1 கிலோவாட் மணி செலவாகும். மின்வாரியக் கணக்கில் 1 யூனிட் என்பது இதுவே. ஒரு மணிக்கு 3,600 நொடிகள் ஆதலால்,

1 யூனிட் = 1,000 × 3,600 = 36,00,000 ஜூல் = 3.6 மெகாஜூல்.

இது தோராயம் அன்று, துல்லியமான மதிப்பு. இங்கே கவனிக்க வேண்டியது கிலோவாட்டை மணியால் பெருக்குகிறோம் என்பது. "மணிக்கு ஒரு கிலோவாட்" என்று சொல்வது தவறு. நாளிதழ்களில் "ஆண்டுக்கு 10 மெகாவாட் மின்சாரம் தயாரிக்கும் ஆலை" என்று வரும் செய்திகளில் உள்ள பிழையும் இதுதான். 10 மெகாவாட் என்பது வேகம். அதற்கு "ஆண்டுக்கு" என்ற அடை பொருந்தாது. 1 மெகாவாட் சூரிய மின்நிலையம் இரவும் பகலும் முழுத்திறனில் இயங்கினால் ஆண்டுக்கு 8,760 மெகாவாட் மணி கிடைக்க வேண்டும். இரவையும் மேகத்தையும் கழித்தபின் தமிழ்நாட்டில் கிடைப்பது ஏறத்தாழ 1,500 மெகாவாட் மணி, அதாவது 15 லட்சம் யூனிட்.

ஆனால் இந்த வட்டாரத்திலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. பிள்ளைப்பாக்கத்தில் 2024 சனவரியில் திறக்கப்பட்ட ஃபர்ஸ்ட் சோலார் ஆலையின் உற்பத்தித்திறன் ஆண்டுக்கு 3.3 கிகாவாட் என்று கூறப்படுகிறது. இது சரியே. அந்த ஆலை விற்பது மின்சாரத்தை அன்று, சூரியத்தகடுகளை. ஓராண்டில் செய்த தகடுகள் அனைத்தையும் நல்ல வெயிலில் விரித்தால் அவற்றின் மொத்தத் திறன் 3.3 கிகாவாட் இருக்கும் என்பது அதன் பொருள்.

ஒன்றால் பெருக்கும் முறை

ஓர் அலகிலிருந்து மற்றோர் அலகுக்கு மாறும்போது பெருக்குவதா வகுப்பதா என்ற குழப்பம் மாணவர்களுக்கு மட்டும் உரியதன்று. பழைய முகத்தல் அளவையை நினைவில் கொண்டால் இது தெளியும். 8 படி 1 மரக்கால். 12 மரக்கால் 1 கலம். எனவே 1 கலம் 96 படி. ஒரே நெற்குவியலைக் கலத்தில் சொன்னால் எண் சிறியது; படியில் சொன்னால் எண் பெரியது. அலகு சிறுத்தால் எண் பெருக்கும். யூனிட்டை ஜூலாக மாற்றும்போது எண் பெரிதாக வேண்டும். சிறிதாக வந்தால் கணக்கு தலைகீழாகிவிட்டது என்று பொருள்.

முறைப்படி செய்வதாயின், 3.6 மெகாஜூலும் 1 யூனிட்டும் ஒன்றே ஆதலால் "3.6 மெகாஜூல் ÷ 1 யூனிட்" என்ற பின்னத்தின் மதிப்பு 1. எந்த அளவையும் 1ஆல் பெருக்கினால் அதன் அளவு மாறாது. 250 யூனிட்டை இந்தப் பின்னத்தால் பெருக்கும்போது மேலும் கீழும் உள்ள "யூனிட்" அடிபட்டு, 900 மெகாஜூல் என்ற விடை நிற்கிறது. பின்னத்தைத் தலைகீழாக எழுதிவிட்டால் அலகுகள் அடிபடாமல் அசிங்கமாக நிற்கும். தவறு அங்கேயே தெரிந்துவிடும். எண்ணோடு அலகையும் ஒவ்வொரு வரியிலும் எழுத வேண்டும் என்று பள்ளியில் வற்புறுத்துவதன் காரணம் இதுதான்.

அடிக்கடி தேவைப்படும் மதிப்புகள் சில:

1 கலோரி = 4.184 ஜூல்
1 கிலோகலோரி = 1,000 கலோரி = 4.184 கிலோஜூல்
1 யூனிட் = 860 கிலோகலோரி
1 பிரித்தானிய வெப்ப அலகு = 1,055 ஜூல் = 0.252 கிலோகலோரி
1 எண்ணெய்ச் சமன் டன் = 1 கோடி கிலோகலோரி = 41.868 கிகாஜூல் = 11,630 யூனிட்

கலோரியில் ஒன்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. வேதியியலார் 4.184 ஜூல் என்றும், நீராவி அட்டவணைகளில் 4.1868 ஜூல் என்றும் கொள்வர். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. எரிபொருளின் தரமே தொகுதிக்குத் தொகுதி நூற்றில் ஒன்றிரண்டு மாறும்போது, இதற்காக ஆறு தசம இடம்வரை கணக்கிடுவது வீண்வேலை.

ஒரு யூனிட் எவ்வளவு?

1,000 லிட்டர் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு யூனிட் மின்சாரத்தை முழுவதும் வெப்பமாகக் கொடுத்தால், தண்ணீரின் வெப்பநிலை 0.86 செல்சியசு பாகை மட்டுமே உயரும். கையை விட்டுப் பார்த்தால் வேறுபாடே தெரியாது. ஆனால் அதே ஒரு யூனிட்டைக் கொண்டு 1 டன் எடையுள்ள காரைத் தூக்கினால், இழப்புகளைக் கருதாவிட்டால், 367 மீட்டர் உயரம்வரை தூக்கலாம். சுமார் 300 அடி உயரமுள்ள பரங்கிமலையைப் போல நான்கு மடங்கு உயரம் அது.

தண்ணீரை வெதுவெதுப்பாக்கக்கூடப் போதாத ஆற்றல், ஒரு காரை மலைக்கு மேல் கொண்டுபோகும் என்பது நம்பக் கடினமானது. வெப்பமும் வேலையும் ஒரே பொருளின் இரு வடிவங்கள் என்பதை 19ஆம் நூற்றாண்டுவரை யாரும் உறுதியாகச் சொல்லாமல் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இங்கிலாந்தின் மான்செஸ்டர் அருகே மதுவடிப்பாலைக் குடும்பத்தில் பிறந்த ஜேம்சு பிரெசுகாட் ஜூல் (1818–1889) என்பவர், எடைகள் கீழிறங்கும்போது தண்ணீருக்குள் துடுப்புச் சக்கரம் சுழலுமாறு அமைத்து, அதனால் ஏற்படும் மிகச்சிறிய வெப்பநிலை உயர்வை அளந்தார். ஒரு பவுண்டு தண்ணீரை ஒரு பாரன்ஃகீட் பாகை சூடாக்க 772 அடி-பவுண்டு வேலை வேண்டும் என்பது அவர் 1850இல் வெளியிட்ட முடிவு. இன்றைய மதிப்பு ஏறத்தாழ 778. பிழை நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. அவருடைய பெயரே அலகாயிற்று. தமிழில் ஜூல், யூல் என இருவகையாகவும் எழுதுகின்றனர்.

உணவுக்கும் இதே கணக்குத்தான். நடுத்தர உழைப்புள்ள இந்திய ஆணுக்கு நாளொன்றுக்கு 2,710 கிலோகலோரி வேண்டும் என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் குறித்தது. 860ஆல் வகுத்தால் 3.15 யூனிட். தொழிற்சாலை வரிசையில் நின்று வேலை செய்பவர் ஒரு நாள் முழுவதும் உண்பதன் ஆற்றல், ஓர் ஏசி சில மணி நேரத்தில் இழுக்கும் மின்சாரத்துக்குள் அடங்கிவிடுகிறது. உணவுப் பொட்டலங்களில் "கலோரி" என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுவது உண்மையில் கிலோகலோரி என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இதில் தவறினால் விடை ஆயிரம் மடங்கு பிசகும்.

வாயுக் கணக்கு

எண்ணூர் காமராசர் துறைமுகத்தில் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் திரவ இயற்கை வாயு முனையம் 2019இல் செயற்பாட்டுக்கு வந்தபின், சென்னையைச் சுற்றிய தொழிற்பகுதிகளுக்குக் குழாய்வழி இயற்கை வாயு கிடைக்கத் தொடங்கியது. அதுவரை எல்.பி.ஜி., உலை எண்ணெய், டீசல் ஆகியவற்றைப் பயன்படுத்திய ஆலைகள் மாறலாமா வேண்டாமா என்று கணக்கிட வேண்டியதாயிற்று. இந்தக் கணக்கில் இடறிவிழப் பல இடங்கள் உள்ளன.

முதலாவது, எம்.எம்.பி.டி.யூ. என்ற அலகு. பன்னாட்டுச் சந்தையில் இயற்கை வாயுவின் விலை இதில்தான் சொல்லப்படுகிறது. மெகாவாட்டில் வரும் எம் என்ற எழுத்து பத்து லட்சத்தைக் குறிக்கும். இங்கே வரும் எம் அதுவன்று. உரோமானிய எண்முறையில் ஆயிரத்தைக் குறிப்பது. இரண்டு எம் சேர்ந்தால் ஆயிரம் ஆயிரம், அதாவது பத்து லட்சம். ஆக 1 எம்.எம்.பி.டி.யூ. என்பது 10 லட்சம் பிரித்தானிய வெப்ப அலகு; 2,52,000 கிலோகலோரி; 293 யூனிட்.

இரண்டாவது, கனமீட்டர். வாயு சூட்டில் விரியும். அதனால் "திட்டக் கனமீட்டர்" என்று 15 பாகை வெப்பநிலையிலும் வளிமண்டல அழுத்தத்திலும் அளந்த கனவளவைக் கொள்கின்றனர். ஐரோப்பியக் கருவிகளின் கையேடுகளில் வரும் "இயல்புக் கனமீட்டர்" 0 பாகையில் அளந்தது. ஒரு இயல்புக் கனமீட்டர் 1.055 திட்டக் கனமீட்டருக்குச் சமம். இரண்டையும் ஒன்றெனக் கொண்டால் நூற்றுக்கு ஐந்தரை பிசகும். சித்திரை வெயிலில் 35 பாகையில் அளந்தால் வேறுபாடு இன்னும் கூடும் என்பதால், பெரிய இணைப்புகளில் அளவியுடன் வெப்பநிலையையும் அழுத்தத்தையும் திருத்தும் கருவியும் இருக்கும்.

மூன்றாவதுதான் அதிகப் பணத்தை விழுங்குவது. எரிபொருளின் வெப்ப மதிப்பு இருவகைப்படும். வாயுவில் உள்ள ஐதரசன் எரிந்து நீராவியாகிறது. அந்த நீராவி குளிர்ந்து தண்ணீராகும்போது வெளிவிடும் வெப்பத்தையும் சேர்த்துச் சொன்னால் மொத்த வெப்ப மதிப்பு. நீராவி புகைபோக்கி வழியே போய்விட்டது என்று விட்டுவிட்டால் நிகர வெப்ப மதிப்பு. இயற்கை வாயுவின் பெரும்பகுதியான மீத்தேனுக்கு முன்னது கிலோவுக்கு 55.5 மெகாஜூல், பின்னது 50. வாயு விற்பவர் மொத்த மதிப்பில் பணம் வாங்குகிறார். கொதிகலன் விற்பவர் பெரும்பாலும் நிகர மதிப்பின்படி "90 விழுக்காடு பயனுறுதிறன்" என்கிறார். இரண்டும் பொய்யில்லை. ஆனால் பணம் கொடுத்த ஆற்றலோடு ஒப்பிட்டால் அந்தக் கொதிகலனின் பயனுறுதிறன் 81 விழுக்காடுதான். ஒப்பந்தத்தில் எந்த மதிப்பு என்று ஒரு சொல் எழுதப்படாமல் விட்டால், ஆண்டுச் செலவில் பத்தில் ஒரு பங்கு கணக்கில் வராமல் போகும்.

மொத்த மதிப்பில் ஒரு திட்டக் கனமீட்டருக்கு 9,000 முதல் 10,000 கிலோகலோரி என்று கொண்டால், 1 எம்.எம்.பி.டி.யூ.வுக்கு 25 முதல் 28 கனமீட்டர் வாயு வேண்டும். எல்.பி.ஜி.யின் நிகர மதிப்பு கிலோவுக்கு ஏறத்தாழ 11,000 கிலோகலோரி, அதாவது 12.8 யூனிட். இதன்படி வீட்டுக்கு வரும் 14.2 கிலோ உருளையில் சுமார் 180 யூனிட் அடங்கியுள்ளது. ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்ற அடுப்புக்கு 68 விழுக்காடு பயனுறுதிறன் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் பாத்திரத்துக்குப் போய்ச் சேர்வது சுமார் 120 யூனிட்.

டீசலும் மின்வெட்டும்

அலகு மாற்றத்தில் உள்ள ஒரு கண்ணியைத் தமிழ்நாட்டுச் சிறுதொழில்கள் 2008 முதல் சில ஆண்டுகள் நேரில் கண்டன. 2008 நவம்பரில் உயர் மின்னழுத்த இணைப்புள்ள தொழிற்சாலைகளுக்கு 40 விழுக்காடு மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. பெரிய ஆலைக்குக் குறித்த நேரத்தில் உதிரிப்பாகம் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டிய சிறிய ஆலைகள் ஜெனரேட்டரை நம்பின. நேரத்துக்குச் சரக்கு போகாவிட்டால் அடுத்த ஒப்பந்தம் கிடைக்காது; டீசல் போட்டு ஓட்டினால் கையில் ஒன்றும் மிஞ்சாது. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு யூனிட்டின் உண்மையான விலை என்ன என்பது பலரின் பிழைப்பைத் தீர்மானித்த கேள்வி.

ஒரு லிட்டர் டீசலின் எடை சுமார் 0.83 கிலோ. கிலோவுக்கு 10,200 கிலோகலோரி வீதம் லிட்டருக்கு ஏறத்தாழ 8,470 கிலோகலோரி. 860ஆல் வகுத்தால் 9.8 யூனிட். லிட்டர் 42 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் யூனிட்டுக்கு 4 ரூபாய் 30 காசுதான் என்று இந்தக் கணக்கு சொல்லும். ஆனால் எந்த ஜெனரேட்டரும் லிட்டருக்கு 9.8 யூனிட் தருவதில்லை. நன்றாகப் பராமரிக்கப்பட்ட பெரிய ஜெனரேட்டர் 3.5 முதல் 4 யூனிட் தரும். மீதி வெப்பமாகப் புகையிலும் குளிர்விப்பானிலும் போய்விடும். எனவே உண்மை விலை யூனிட்டுக்கு 10 ரூபாய் 50 காசுக்குக் குறையாது. ஜெனரேட்டர் பாதிச் சுமையில் ஓடினால் இன்னும் கூடும்.

அலகு மாற்றத்தில் பிழை இல்லை. 8,470 கிலோகலோரியும் 9.8 யூனிட்டும் ஒன்றுதான். பிழை, அலகு மாற்றத்தையும் ஆற்றல் மாற்றத்தையும் ஒன்றாகக் கொண்டதில். அலகை மாற்றுவது தாளில் நடப்பது, அதில் இழப்பு கிடையாது. வெப்பத்தை மின்சாரமாக மாற்றுவது இயந்திரத்தில் நடப்பது, அதில் இழப்பு கட்டாயம் உண்டு. முன்னதற்குப் பெருக்கெண் போதும். பின்னதற்குப் பயனுறுதிறனும் வேண்டும்.

எண்ணெய்ச் சமன் டன்

பலவகை எரிபொருள்களையும் மின்சாரத்தையும் ஒரே எண்ணாகக் கூட்டுவதற்கு எண்ணெய்ச் சமன் டன் பயன்படுகிறது. இதன் வரையறை ஒரு கோடி கிலோகலோரி என்பதால், இந்திய எண்முறையில் பழகியவர்களுக்கு இது எளிது. 2001ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டப்படி 2002இல் அமைக்கப்பட்ட ஆற்றல் திறன் செயலகம், எந்த ஆலை எவ்வளவு ஆற்றலைப் பயன்படுத்துகிறது என்று கேட்பது இந்த அலகில்தான். 2012இல் தொடங்கிய செயல்திறன் – எய்தல் – விற்றல் திட்டத்தில், குறித்த இலக்குக்கு மேல் சேமிக்கும் ஆலைக்கு ஓர் எண்ணெய்ச் சமன் டன்னுக்கு ஒரு சான்றிதழ் வீதம் வழங்கப்பட்டது. அந்தச் சான்றிதழை விற்கவும் முடியும். ஆகவே ஒரு பெருக்கெண் தவறினால் அது பணமாகவே தெரியும்.

எடுத்துக்காட்டாக ஒரகடத்தில் ஒரு நடுத்தர உதிரிப்பாக ஆலை ஒரு மாதத்தில் 1,20,000 யூனிட் மின்சாரமும், 4,000 கிலோ எல்.பி.ஜி.யும், 2,000 லிட்டர் டீசலும் பயன்படுத்துகிறது என்று கொள்வோம்.

மின்சாரம்: 1,20,000 × 860 = 10,32,00,000 கிலோகலோரி = 10.32 எண்ணெய்ச் சமன் டன்
எல்.பி.ஜி.: 4,000 × 11,000 = 4,40,00,000 கிலோகலோரி = 4.40
டீசல்: 2,000 × 0.83 × 10,200 = 1,69,32,000 கிலோகலோரி = 1.69

மொத்தம் 16.41 எண்ணெய்ச் சமன் டன், கிகாஜூலில் 687. இதில் மின்சாரத்தின் பங்கு 63 விழுக்காடு. டீசலை ஜெனரேட்டரில் ஊற்றியிருந்தால், அதிலிருந்து கிடைத்த யூனிட்டுகளை மின்சார வரிசையில் மீண்டும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் ஒரே ஆற்றலை இருமுறை எண்ணியதாகும். தணிக்கையில் அடிக்கடி பிடிபடும் தவறு இது.

இன்னொரு கேள்வி இருக்கிறது. அந்த யூனிட் எங்கிருந்து வந்தது? பழைய நிலக்கரி மின்நிலையத்தில் 1 யூனிட் உற்பத்தி செய்ய ஏறத்தாழ 2,500 கிலோகலோரி நிலக்கரி எரிக்கப்படுகிறது. 860ஐ 2,500ஆல் வகுத்தால் 34 விழுக்காடு. மின்சாரத்தை 860க்குப் பதிலாக 2,500ஆல் பெருக்கினால் மேற்சொன்ன ஆலையின் மின்சாரம் 30 எண்ணெய்ச் சமன் டன் ஆகும், மொத்தம் 36.09, மின்சாரத்தின் பங்கு 83 விழுக்காடு. ஆலையும் மாறவில்லை, மாதமும் மாறவில்லை. முதல் விடை ஆலையின் வாசலுக்குள் நுழைந்த ஆற்றலைச் சொல்கிறது. இரண்டாவது அதற்காக நாட்டில் எரிக்கப்பட்டதைச் சொல்கிறது. எந்தக் கணக்கு என்று குறிப்பிடாமல் இரண்டு ஆலைகளை ஒப்பிடுவது நியாயமன்று.

கண்ணாடித் தொழிலில் இந்த அலகுகளைக் கண்ணால் காணலாம். மிதவைக் கண்ணாடி செய்ய மணலையும் சோடா உப்பையும் சுண்ணாம்பையும் 1,500 பாகைக்கு மேல் உருக்கி, உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிட வேண்டும். உலக அளவில் டன்னுக்கு 5 முதல் 7 கிகாஜூல் என்பது இதற்குப் பொதுவான மதிப்பு. 6 என்று கொண்டால், 4 மில்லிமீட்டர் தடிப்பில் ஒரு சதுர மீட்டர் சன்னல் கண்ணாடி 10 கிலோ எடை. அதற்கு 60 மெகாஜூல். ஏறத்தாழ 17 யூனிட்.

குளிர்பதன டன், குதிரைத்திறன்

ஏசியை "ஒன்றரை டன்" என்று சொல்வது எடையைக் குறிப்பதன்று. பனிக்கட்டியால் குளிர்வித்த காலத்தின் எச்சம் அது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842இல் சென்னைக் கடற்கரையில் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது. 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்தின் வேகமே 1 குளிர்பதன டன்: மணிக்கு 12,000 பிரித்தானிய வெப்ப அலகு, அல்லது 3,024 கிலோகலோரி, அல்லது 3.517 கிலோவாட். ஆகவே ஒன்றரை டன் ஏசி அறையிலிருந்து 5.28 கிலோவாட் வெப்பத்தை வெளியேற்றுகிறது. அது மின்கம்பியிலிருந்து இழுப்பது சுமார் 1.5 கிலோவாட் மட்டுமே. வெப்பத்தை உண்டாக்காமல் இடம்பெயர்ப்பதால் இது இயலும். சாயக்கூடங்களில் உள்ள பெரிய குளிர்விப்பான்களின் தரத்தை ஒரு டன்னுக்கு எத்தனை கிலோவாட் என்று சொல்வர். இங்கே எண் குறைந்தால் நல்லது.

குதிரைத்திறனும் திறனின் அலகே. மோட்டார்களுக்கு 1 குதிரைத்திறன் 746 வாட். கார் விளம்பரங்களில் வருவது பெரும்பாலும் 735.5 வாட் கொண்ட மெட்ரிக் குதிரைத்திறன். 115 என்றால் 84.6 கிலோவாட். பட்டறைகளில் மறக்கப்படுவது, மோட்டார்ப் பலகையில் எழுதியிருப்பது வெளியே தரும் திறன் என்பது. 10 குதிரைத்திறன் மோட்டார் முழுச்சுமையில் 7.46 கிலோவாட் தரும். 90 விழுக்காடு பயனுறுதிறன் எனில் 8.29 கிலோவாட் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்கு 60 அன்று, 66 யூனிட்.

மின்கலங்கள்

கைப்பேசி மின்கலத்தில் எழுதப்படும் மில்லியாம்பியர் மணி ஆற்றலின் அலகன்று, மின்னூட்டத்தின் அலகு. அதை வோல்ட்டால் பெருக்கினால்தான் ஆற்றல் கிடைக்கும். ஸ்ரீபெரும்புதூர் ஆலை இயங்கிய காலத்தில் நோக்கியா கைப்பேசிகளில் பரவலாக இருந்த பி.எல்.-5சி மின்கலம் 1,020 மில்லியாம்பியர் மணி, 3.7 வோல்ட். பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் சுமார் 3.8 வாட் மணி. 1 யூனிட்டில் இதைப் போல 260 மின்கலங்களுக்கு மேல் நிரப்பலாம். கிலோகலோரியில் 3.25, ஒரு கிராம் சீனியில் இதைவிட அதிகம் உண்டு. விமானத்தில் அனுமதியின்றிக் கொண்டுசெல்ல மின்கலத்துக்கு 100 வாட் மணி என்ற வரம்பு உள்ளது. 20,000 என்று எழுதிய பவர் பேங்க், 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட் மணி, வரம்புக்குள் அடங்கும்.

மின்காரில் எண்கள் பெரியவை. 2025 சனவரியில் வெளிவந்த ஹூண்டாய் கிரெட்டா மின்காரின் பெரிய மின்கலம் 51.4 கிலோவாட் மணி, அதாவது 185 மெகாஜூல். பெட்ரோலின் நிகர மதிப்பு லிட்டருக்குச் சுமார் 32 மெகாஜூல். ஆக அந்த முழு மின்கலத்திலும் இருப்பது 5.8 லிட்டர் பெட்ரோலின் ஆற்றல். அறிமுகத்தின்போது நிறுவனம் கூறிய தூரம் 473 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் லிட்டருக்கு 82 கிலோமீட்டர் என்று வருகிறது. மின்மோட்டார் தன் ஆற்றலில் பெரும்பகுதியைச் சக்கரத்துக்குத் தருவதும், பெட்ரோல் எஞ்சின் பெரும்பகுதியை வெப்பமாக இழப்பதும் இதன் காரணம். ஆனால் அந்த 51.4 யூனிட்டும் நிலக்கரியிலிருந்து வந்ததாயின், யூனிட்டுக்கு 2,500 கிலோகலோரி வீதம் 538 மெகாஜூல் எரிந்திருக்கும், 16.8 லிட்டர் பெட்ரோலுக்கு ஈடு. அப்போது லிட்டருக்கு 28 கிலோமீட்டர். முப்பந்தல் காற்றாலையிலிருந்து வந்த யூனிட்டுக்கு இந்தக் கழிவு பொருந்தாது. விளம்பரத்தில் எந்த எண்ணைக் காட்டுகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மிகச்சிறிய அலகு

சூரியத்தகட்டுத் தொழிலுக்கு ஜூல் அளவுமீறிப் பெரியது. ஒரு தனி எதிர்மின்னி 1 வோல்ட் மின்னழுத்த வேறுபாட்டைக் கடக்கும்போது பெறும் ஆற்றலே 1 எதிர்மின்னி வோல்ட். 2019 மே 20 முதல் நடைமுறைக்கு வந்த அலகு வரையறைகளின்படி இது 1.602176634 × 10⁻¹⁹ ஜூல் என்று நிலைப்படுத்தப்பட்டுள்ளது. பிள்ளைப்பாக்கத்தில் செய்யப்படும் தகடுகளின் மூலப்பொருளான காட்மியம் தெலுரைடில் ஓர் எதிர்மின்னியை விடுவிக்கச் சுமார் 1.5 எதிர்மின்னி வோல்ட் வேண்டும். 1,240ஐ இந்த எண்ணால் வகுத்தால் ஒளியின் அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும்: ஏறத்தாழ 827. இதைவிட அலைநீளம் கூடிய அகச்சிவப்புக் கதிர் எவ்வளவு விழுந்தாலும் தகடு சூடாகுமே தவிர மின்சாரம் வராது.

முறுக்குவிசை

கடைசியாக, மாற்றக் கூடாத ஒன்று. வண்டி ஆலைகளில் மரையாணியை முடுக்கும் முறுக்குவிசையை நியூட்டன் மீட்டரில் அளப்பர். சப்பானியக் கையேடுகளில் கிலோகிராம் விசை மீட்டர் என்று இருக்கும். அதன் 1, நியூட்டன் மீட்டரில் 9.807. ஜூலும் ஒரு நியூட்டன் மீட்டர்தான். அலகு ஒத்திருப்பதால் முறுக்குவிசையை ஆற்றல் என்று எழுதிவிடக் கூடாது. 100 நியூட்டன் மீட்டர் விசையுடன் திருகியைப் பிடித்துக்கொண்டு ஆணி அசையாமல் நின்றால், செய்யப்பட்ட வேலை சுழி. ஆணி ஒரு முழுச்சுற்று சுற்றினால்தான் 100ஐ 6.283ஆல் பெருக்கி 628 ஜூல் என்று எழுதலாம்.